கடல் கடந்த தென்காசிச் சீமை – 14: ஸ்காட்டியா பிரின்ஸ் பார்த்த வேலைகள்

சென்ற இதழை மணியாச்சி ரயில் சந்திப்பில் நிறுத்தியிருந்தோம். 1911 ஜூன் 17 காலை. திருநெல்வேலியிலிருந்து வந்து நின்ற வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷ் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக அந்த வண்டி காத்திருந்தது. கொழும்புக் கப்பலில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிற வண்டி அது. அது வந்து சேர்வதற்குள் செங்கோட்டை வாஞ்சிநாதனின் துப்பாக்கி வெடித்துவிட்டது.

அந்த நாளுக்கு நூறு வயது நிறைய நான்கே நாள் இருந்தபோது, 2011 ஜூன் 13 அன்று, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் ஒரு பயணிகள் கப்பல் கிளம்பியது. தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. மத்தியக் கப்பல் துறை அமைச்சராக இருந்த ஜி.கே. வாசன் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அதே ஆண்டில்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயரும் சூட்டப்பட்டிருந்தது. ஆக, வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகத்திலிருந்து, வ.உ.சி. கப்பல் விட்ட அதே வழியில் ஒரு கப்பல். அதன் பெயர் ஸ்காட்டியா பிரின்ஸ். கார்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்கு அப்போது வயது 39.

அந்த ஒரு கப்பலின் உத்தியோக வாழ்க்கைதான் இந்த வாரம். தென்காசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கப்பல் தூத்துக்குடிக்கு வந்து சேர்வதற்கே நாலு கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

முதலில் வழியைப் பார்த்துவிடலாம். தென்காசிப் பக்கத்து ஆட்கள் கொழும்புக்குப் போக இயற்கையான வாசல் தூத்துக்குடிதான். 1876இல் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் ரயில் வந்துவிட்டது. 1903இல் நெல்லையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வரை மீட்டர் பாதை நீண்டது. மறு ஆண்டு அது ஆரியங்காவுக் கணவாயைக் குடைந்து புனலூரைத் தொட்டது. குற்றால மலையடிவாரத்தில் வண்டி ஏறியவர் மணியாச்சியில் மாறி, தூத்துக்குடியில் கப்பல் ஏறலாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளைத் தட்டப்பாறை முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். வியாபாரிகளுக்குக் கட்டாயம் அவ்வளவு இல்லை. மூட்டையோடு நேரே துறைக்குப் போனார்கள்.

இந்த வழியில் ஓடியவை பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள். 1906 அக்டோபரில் பதிவான வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி அந்த ஏகபோகத்தில் கைவைத்த கதையை முந்தைய இதழ்களில் விரிவாகவே பார்த்தோம். இங்கே ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலியா, லாவோ என்ற அந்த இரண்டு சுதேசிக் கப்பல்களில் ஒவ்வொன்றும் முதல் வகுப்பில் 42 பேரையும், இரண்டாம் வகுப்பில் 24 பேரையும், சாதாரண வகுப்பில் 1,300 பேரையும் ஏற்றும். அதற்கு மேல் 4,000 மூட்டைச் சரக்கும் கொள்ளும். ஆளும் மூட்டையும் சேர்ந்துதான் கப்பல். அந்த வழியின் வரும்படி இரண்டிலும் இருந்தது. எதிரி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கினான், பிறகு சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தான் என்று இன்றைக்கும் நெல்லைச் சீமையில் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனியே கலைக்கப்பட்டது, காலியா எதிரிக் கம்பெனியின் கைக்கே போனது. வாஞ்சி ஆஷைச் சுட்டதை நேரே இந்தக் கப்பல் கம்பெனிக்கான பழிவாங்கலாகச் சொல்வது மேடைக்கு நன்றாக இருக்கும். தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசிகளை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் பேசுவது ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட எனக்குத் துணிவில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் போட் மெயில் தூத்துக்குடியை விட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு இரவு முழுக்கக் கடலில் ஆடிக்கொண்டு போவதைவிட இரண்டு மணி நேரத்தில் அக்கரை போய்விடலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பல் 1984இல் இலங்கைக் கலவரங்களோடு நின்றது. போர் மூண்டது, 2009இல் முடிந்தது. 2011 ஜனவரியில் இரண்டு அரசாங்கங்களும் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்துக்கு ஒப்பந்தம் போட்டன. கையெழுத்து ஆகிவிட்டது, கப்பல் வேண்டுமே?

கப்பல் அப்போது மத்தியதரைக் கடல் பக்கம் இருந்தது.

அது பிறந்தது 1972இல், அன்றைய யூகோஸ்லாவியாவின் கிரால்யெவிட்சா கப்பல் தளத்தில். ஏட்ரியாட்டிக் கடலோரம். இன்றைக்கு அந்த ஊர் குரோஷியாவில் இருக்கிறது. கட்டச் சொன்னவர்கள் சுவீடனின் ஸ்டெனா கம்பெனி. வைத்த பெயர் ஸ்டெனா ஒலிம்பிகா. சுவீடனின் கோதன்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கீல் துறைக்கு ராத்திரி கிளம்பி, விடியும்போது அக்கரை சேர்வது அதன் வேலை. நீளம் 140 மீட்டருக்குச் சற்று மேல், கொள்ளளவு ஏறத்தாழ 12,000 டன்.

இந்த ஜாதிக் கப்பலை நம் ஊர்க்காரர்கள் அதிகம் பார்த்ததில்லை. சாதாரணக் கப்பலில் சரக்கைக் கிரேன் தூக்கி வயிற்றுக்குள் இறக்கும். இதில் உடம்பிலேயே ஒரு கதவு திறக்கும். சரிவுப் பாலம் ஒன்று கரைமேல் இறங்கும். கார், லாரி, பஸ் எல்லாம் தன் சக்கரத்திலேயே உருண்டு உள்ளே போய் வரிசையாக நிற்கும். போய்ச் சேர்ந்ததும் உருண்டே வெளியே வரும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, நாள் கணக்கில் துறையில் கிடப்பது எதுவும் கிடையாது. வண்டியைப் பூட்டிவிட்டுக் குடும்பம் படியேறி மேல்தளத்துக்குப் போனால் படுக்கை அறை, சாப்பாட்டுக் கூடம், வரியில்லாக் கடை, ஆட்டம் பாட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. காரை விட்டுவிட்டு விடுமுறைக்குப் போக அவர்களுக்கு மனமில்லை. அந்த மனத்துக்காகக் கட்டிய கப்பல் இது.

வசதி இருந்த இடத்தில் ஆபத்தும் இருந்தது. சாதாரணக் கப்பலின் வயிற்றைக் குறுக்குச் சுவர்கள் அறை அறையாகப் பிரித்திருக்கும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை கப்பலைத் தாங்கும். கார்த் தளத்தில் குறுக்குச் சுவர் வைத்தால் கார் எப்படி ஓடும்? ஆகவே முன்னிருந்து பின்வரை ஒரே கூடம். அதில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறினாலும் கப்பல் சாய்கிற பக்கம் மொத்தமும் ஓடிப்போய்க் கப்பலைக் கவிழ்த்துவிடும். 1987இல் பெல்ஜியத்தின் சீபுரூகே துறைக்கு வெளியே ஒரு பிரிட்டிஷ் கப்பல் கதவை மூடாமலேயே கிளம்பி, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். 1994இல் பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற கப்பலின் மூக்குக் கதவு அலையில் பெயர்ந்து 852 பேர் மாண்டார்கள். அதன்பின் வட ஐரோப்பாவில் சட்டம் இறுகியது. பழைய கார்க் கப்பல்களைத் திருத்திக் கட்டுவதா விற்பதா என்ற கேள்வி வந்தபோது, பல முதலாளிகள் விற்கவே செய்தார்கள். அந்தக் கப்பல்கள் தெற்கே, கிழக்கே என்று வயதுக்கு ஏற்ப நகர்ந்தன. நம் ஊர் டவுன் பஸ்ஸாக ஓடித் தேய்கிற வண்டி முதலில் சென்னைத் தடத்தில் விரைவுப் பேருந்தாக ஓடியதுதானே.

ஸ்டெனா ஒலிம்பிகா அந்த விபத்துகளுக்கெல்லாம் முன்பே, 1982இல் அட்லாண்டிக்கைத் தாண்டி விற்கப்பட்டது. பெயர் ஸ்காட்டியா பிரின்ஸ் என்று மாறியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லாந்துக்கும், கனடாவின் நோவா ஸ்காட்டியாவில் இருக்கும் யார்மத் என்ற சின்ன ஊருக்கும் இடையே ஓடியது. பதினோரு மணி நேரம், ராத்திரிப் பயணம். நில வழியாகக் காரில் சுற்றிப்போனால் ஏறத்தாழ முழு நாள் ஓட்ட வேண்டிய தூரத்தை, தூங்கி எழுவதற்குள் முடித்துக் கொடுத்தது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சூதாட்டக் கூடத்தைத் திறப்பார்கள். போவது அக்கரைக்கா, சூதாடவா என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருந்திருக்காது. மே முதல் அக்டோபர் வரைதான் ஓட்டம். பனிக்காலத்தில் அந்தக் கடலில் எவனும் உல்லாசமாகப் போகமாட்டான்.

அதுவும் ஒரு சீசன் பிழைப்புத்தான். குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் சாரல் போட்டால் வருஷச் சாப்பாடு. மழை பொய்த்தால் லாட்ஜ் வாடகையைக் கட்டக் கைமாற்று. யார்மத் ஊரின் ஹோட்டல்களும் கடைகளும் இருபதுக்கும் மேற்பட்ட சீசன் அந்தக் கப்பலை நம்பி நிமிர்ந்தன. 2005இல் கப்பல் வரவில்லை. போர்ட்லாந்துத் துறையின் பயணியர் கூடத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது, உடம்புக்கு ஆகாது என்று கப்பல் கம்பெனி நகராட்சியோடு தகராறு செய்தது. வழக்கு வரை போனது. ஆக, 2004தான் அந்த வழியில் அதற்குக் கடைசி சீசன்.

வேலை போன கப்பலுக்கு உடனே வேறு வேலை கிடைத்தது. 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தை மூழ்கடித்தது. வீடிழந்தவர்களையும், ஊரை மீட்டெடுக்க வந்த ஊழியர்களையும் தங்கவைக்க இடமில்லை. அமெரிக்கப் பேரிடர் நிர்வாகம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஆற்றோரம் கட்டிவைத்தது. செயின்ட் பெர்னார்ட் வட்டாரத்துக்கு வந்து நின்றது ஸ்காட்டியா பிரின்ஸ். சூதாட ஏறியவர்களின் படுக்கைகளில், கூரை பறிபோன உள்ளூர்க்காரர்கள் மாதக் கணக்கில் படுத்து எழுந்தார்கள். ஓடாமலே ஒரு கப்பல் சம்பாதித்த காலம்.

பிறகு மத்தியதரைக் கடலில் இங்கும் அங்குமாக வாடகை ஓட்டம். 2011 பிப்ரவரியில் லிபியாவில் கடாஃபிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அங்கே வேலை பார்த்த இந்தியர்கள் ஏறத்தாழ 18,000 பேர். போர்க் கப்பல்கள் இந்தியாவிலிருந்து போய்ச் சேர நாளாகும். கையெட்டும் தூரத்தில் கிடைத்த ஸ்காட்டியா பிரின்ஸை இந்திய அரசு வாடகைக்குப் பிடித்தது. பெங்காசியிலிருந்து எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவுக்கு ஒரே நடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்களை அது கொண்டுவந்து சேர்த்தது. அங்கிருந்து விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். இந்தக் கப்பலின் நாற்பது ஆண்டில் நிஜமாகவே நிறைந்த வயிற்றோடு, எல்லோரும் வாழ்த்த ஓடிய ஓட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். இந்தியக் கப்பல் உலகில் அதன் பெயர் பழகிப்போனதும் அப்போதுதான்.

மூன்று மாதம் கழித்து அது தூத்துக்குடியில் நின்றது. நடத்தியது மும்பையின் ஃபிளெமிங்கோ குழுமத்தைச் சேர்ந்த ஃபிளெமிங்கோ லைனர்ஸ். விமான நிலையங்களில் வரியில்லாக் கடை நடத்துகிற குழுமம் அது. கப்பலுக்கும் கடைக்கும் உள்ள உறவு தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கப்பல்கள் பலவும் டிக்கெட்டைவிடச் சாராயக் கடையில்தான் பிழைத்தன.

ஏற்பாடு இது: வாரம் இரண்டு நடை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 152 கடல்மைல், 14 மணி நேரம். ஏற்றக்கூடியது 1,044 பேர். இந்த எண்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 152 கடல்மைலை 14 மணி நேரத்தில் என்றால் மணிக்குப் பதினொன்று. போர்ட்லாந்தில் இதைவிட நீளமான தூரத்தைப் பதினோரு மணி நேரத்தில் கடந்த கப்பல் இது. சாயங்காலம் கிளம்பி விடியலில் சேர்வதற்கு அவ்வளவு வேகம் வேண்டாம். மெதுவாகப் போனால் எண்ணெயும் மிச்சம். சரிதான். ஆனால் போக ஆயிரம், வர ஆயிரம் என்று வாரத்துக்கு நாலாயிரம் இடம். அதை யார் நிரப்புவது?

இங்கேதான் தென்காசி வருகிறது. 2011இல் தென்காசி தனி மாவட்டம் இல்லை. நெல்லை மாவட்டத்தின் மேற்கு மூலை. தூத்துக்குடிக் கப்பலுக்கு ஆள் அனுப்பவேண்டிய உள்நாடு என்றால் நெல்லை, தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம்தான். நூறு வருஷத்துக்கு முன் அந்தச் சீமைக்கு ஒரே வாசல் தூத்துக்குடி. 2011இல் தென்காசிக்காரன் கொழும்பு போக நினைத்தால் என்ன செய்வான்? தூத்துக்குடி போக நெல்லை வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர், அதன்பின் இன்னொரு ஐம்பது. பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்; ரயில் பாதையை அகலப்படுத்தும் வேலை 2012இல்தான் முடிந்தது. துறைமுகத்தில் சுங்கம், குடியேற்றச் சோதனை முடித்து ஏறினால் பதினாலு மணி நேரம் கடலில். மாறாக, செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாக மலையிறங்கினால் அதே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் திருவனந்தபுரம் விமான நிலையம். அங்கிருந்து கொழும்புக்கு வானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. திருச்சியிலிருந்தும் விமானம் உண்டு. கப்பல் டிக்கெட் விமானத்தைவிடக் கொஞ்சம் மலிவாக இருந்தால் மட்டும் போதாது. கொஞ்சம் மலிவுக்காக ஓர் இரவைக் கொடுக்க எல்லோரும் தயாராக இல்லை.

ஆனால் ஒரு கூட்டம் தயார். மூட்டைக்காரர்கள். கைலி, சேலை, பாத்திரம், பலசரக்கு என்று கட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, அங்கிருந்து வேறு சாமான் வாங்கி வருகிறவர்கள். விமானத்தில் இருபது முப்பது கிலோவுக்கு மேல் போனால் கிலோவுக்குக் காசு. கப்பலில் அந்தக் கெடுபிடி இல்லை. குருவிகள் என்று பட்டணத்தில் சொல்கிற அந்த ஆட்கள்தான் உலகம் முழுக்கக் குறுக்குக் கடல் கப்பல்களின் உயிர். வ.உ.சி.யின் கப்பலில் ஆளுக்கு ஆளும் மூட்டைக்கு மூட்டையும் இடம் வைத்திருந்தார்கள் என்று மேலே சொன்னேனே, அதன் அர்த்தம் இதுதான். ஸ்காட்டியா பிரின்ஸின் உடம்பில் மூட்டைக்கு என்று அளந்து கட்டிய இடம் இல்லை. காருக்கு என்று கட்டிய பெரிய கூடம் இருந்தது. காரோடு கொழும்புக்கு விடுமுறை போகிற குடும்பம் நம் பக்கத்தில் எத்தனை? வேறு நாட்டுச் சாலையில் சொந்தக் காரை ஓட்டக் கார்னே என்ற சுங்கப் பத்திரம், அதற்கு ஈட்டுத்தொகை என்று ஆயிரம் வேலை. இரண்டு நாட்டிலும் சாலையில் இடப்பக்கமே போகிறோம் என்ற ஒரு சௌகரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

இன்னொன்று காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிற தென்மேற்குப் பருவக்காற்று அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஈரத்தை மலையில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகச் சுரண்டை, கயத்தாறு வெளிகளில் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு கிழக்கே போய் மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுகிற மாதங்களும் அந்தக் கடல் கொந்தளிக்கிற மாதங்களும் ஒன்றே. புதிய கப்பல் பயணத்தை மக்களுக்குப் பழக்கிக் காட்ட ஜூனைத் தேர்ந்தெடுத்தது நல்ல முகூர்த்தமாக எனக்குத் தோன்றவில்லை. பெரிய கப்பல் தாங்கும். முதல்முறை கடலேறியவனின் வயிறு தாங்குமா?

அரசியலும் ஒத்துழைக்கவில்லை. கப்பல் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால், ஜூன் 8 அன்று, இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டே ஆண்டு. கொழும்புக்கு உல்லாசப் பயணம் என்று விளம்பரம் செய்தால் தமிழ்நாட்டில் யாருக்கு மனம் வரும்? யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து அகதிகளாக இங்கே இருந்தவர்களுக்கு உறவைப் பார்க்கப் போகும் ஆசை இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு வேண்டிய கப்பல் தலைமன்னாருக்கோ காங்கேசன்துறைக்கோ போயிருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். 1972இல் இந்தக் கப்பல் நீரில் இறங்கியபோது கச்சா எண்ணெய் பீப்பாய் மூன்று டாலரை ஒட்டி இருந்தது. மறு ஆண்டு அரபு நாடுகள் குழாயை மூடியதும் விலை நாலு மடங்காகியது. அதாவது, எண்ணெய் மலிவாகவே கிடைக்கும் என்று நம்பிய உலகம் கட்டிய கடைசிக் கப்பல்களில் ஒன்று இது. 2011இல் பீப்பாய் நூறு டாலருக்கு மேலே நின்றது. விலையை ஏற்றிவிட்டதில் லிபியச் சண்டைக்கும் பங்கு உண்டு. எந்தச் சண்டையிலிருந்து இந்தியர்களை இந்தக் கப்பல் மீட்டு வந்ததோ, அதே சண்டை அதன் எண்ணெய்ச் செலவையும் ஏற்றிவிட்டது. ஆயிரம் பேர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் இயந்திரம் குடிப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. விளக்கு எரிய வேண்டும், குளிர்சாதனம் ஓட வேண்டும், மாலுமிகளுக்குச் சம்பளம், இரண்டு துறைமுகத்துக்கும் கட்டணம். எல்லாம் 1,044 பேருக்கான அளவில்.

ஐந்து மாதம் ஓடியது. 2011 நவம்பரில் நின்றது. எண்ணெய் பாக்கிக்காகக் கப்பலைக் கொழும்புத் துறைமுகத்தில் தடுத்து வைத்தார்கள். கப்பல் சட்டத்தில் கடன்காரன் முதலாளியைத் தேடி மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. கப்பலையே கைது செய்யலாம். துறையில் நிற்கிற கப்பல் நகர முடியாது, ஆனால் துறைக்கூலி ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி நின்ற பழைய கப்பலுக்கு வெளியே போக ஒரு வழிதான் மிச்சம். 2012இல் வங்கதேசத்தின் சிட்டகாங் கரையில் ஏற்றி உடைத்தார்கள். அந்தக் கரையில் கிரேன், உலர்தளம் எதுவும் வேண்டாம். பெரிய ஏற்ற நாளில் கப்பலை முழு வேகத்தில் சேற்றில் ஓட்டி ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் ஆட்கள் காஸ் வெல்டிங் குழாயோடு போய் முன்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குவார்கள். தகடு உருக்காலைக்குப் போகும். நாற்காலி, கட்டில், கழுவுதொட்டி, சமையல் பாத்திரம் எல்லாம் சாலையோரக் கடைகளில் விலைக்கு வரும்.

நட்டத்துக்கு யார் காரணம் என்று அப்போது பலரையும் கைகாட்டினார்கள். சதி, அரசியல், நிர்வாகம் என்று ஆளுக்கொன்று. 1911இல் சதி இருந்தது. அதிகாரியும் எதிரிக் கம்பெனியும் ஒரே பக்கம் நின்றார்கள். 2011இல் அப்படி யாரையும் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சுதேசிக் கம்பெனிக்கு ஆளும் இருந்தார்கள், மூட்டையும் இருந்தது, அதிகாரம் இல்லை. ஸ்காட்டியா பிரின்ஸுக்கு இரண்டு அரசாங்கத்தின் ஆசீர்வாதமும் இருந்தது. ஏற ஆள்தான் இல்லை. அந்த வழிக்கு வேண்டியது அதில் கால்வாசி அளவுக் கப்பல், கீழே விசாலமான மூட்டை அறை. கிடைத்தது, வேறொரு கடலுக்காக, வேறொரு மக்களின் காருக்காக, வேறொரு காலத்து எண்ணெய் விலைக்காகக் கட்டிய கப்பல். வாடகைக்கு அதுதான் அந்த நேரத்தில் தயாராக இருந்தது.

இந்தப் பாடத்தை யாராவது படித்தார்களா என்றால், படித்த மாதிரிதான் தெரிகிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போன செரியபாணி என்ற கப்பலில் இடம் 150 பேருக்கு. சில நாளில் வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் அதே வழியில் ஓடத் தொடங்கியது. அதுவும் 150 பேருக்கானதுதான். நாலு மணி நேரத்தில் அக்கரை. கார் ஏற்றும் கதவு கிடையாது; போகிறவர்கள் கொழும்புக்கு உல்லாசம் போகிறவர்களும் இல்லை, பெரும்பாலும் வடக்கே சொந்தபந்தம், கோயில், வியாபாரம் உள்ளவர்கள். தூத்துக்குடி–கொழும்பு வழியில் மட்டும் 2011க்குப் பிறகு பயணிகள் கப்பல் ஓடவில்லை. தென்காசிக்காரர்கள் இன்றும் திருவனந்தபுரத்துக்கே மலையிறங்குகிறார்கள்.

அடுத்த இதழில் இதற்கு நேர்மாறான ஒரு கப்பல். 1926 முதல் சுமார் 47 ஆண்டு ஒரே கம்பெனியின் கொடியில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த ரஜூலா. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சிங்கப்பூருக்குப் போன குடும்பங்கள் பாயை விரித்துப் படுத்த டெக், அங்கே அவர்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி ஆகியவற்றோடு தொடர்வோம்.